நாலு விரல் பச்சை

"சுவிட்ச் கடிக்குதுக்கா" என்றாள் நிலோபர்.
"எப்பவும் இல்ல. ஈரக் கையோட தொட்டா மட்டும்.
எறும்பு மாதிரி."
எறும்பு என்பது நல்ல கணக்கு.
எறும்பிலிருந்து தேள் வரைக்கும்
எங்கள் தொழிலில் ஓர் அளவு உண்டு.

தெற்குவாசல், முட்டுச்சந்து, மாடி.
பித்தளை மூடி போட்ட பழைய சுவிட்சுகள்.
புளி போட்டுத் தேய்த்து
முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள்.
பிளாஸ்டிக் மாட்டிரலாமே என்றேன்.
"இந்த வீட்ல பளபளன்னு இருக்கறதே இதுதான்."
சரி.

மெயினை இறக்கினேன்.
பாதி தைத்த ஜாக்கெட்டோடு மிஷின் நின்றது.
திருகைக் கழற்றினால்
நூல் சுற்றிய ரப்பர் வயர்
தொட்ட இடமெல்லாம் மிளகுத்தூளாக உதிர்கிறது.
காய்ந்த பல்லி ஒன்று.
ஆடுகிற மரக்கட்டைக்கு முட்டுக்கொடுத்து
யாரோ மடித்துச் செருகிய
பாண்டியன் பஸ் டிக்கெட், நாற்பது பைசா.
போக ஒரு வயர், வர ஒரு வயர்.

மூன்றாவதாக ஒரு பச்சை.

எந்தப் புண்ணியவானோ எர்த் இழுத்திருக்கிறான் என்று
மெதுவாகப் பிடித்து இழுத்தேன்.
கையோடு வந்துவிட்டது.
நாலு விரல் நீளம்.
ஒரு முனை பித்தளை மூடியில்.
மறுமுனை சுவருக்குள் சும்மா.

ஓனருக்குப் போன் போட்டுக் கொடுத்தாள்.
"அறுபது வருசமா அங்க யாரும் சாகலையேம்மா."
செத்திருந்தால் யார் வந்து சொல்லியிருப்பார்கள்
என்று கேட்க வாயெடுத்தேன்.
"அதோட, ஒம்பது வருசம் முன்னாடி
எர்த்துக்குன்னே தனியா காசு குடுத்தேன்.
பில்லு கூட இருக்கு."

ஒன்பது வருசம்.
வயரைத் திருப்பிப் பார்த்தேன்.
முனையில் மஞ்சள் டேப், மூன்று சுற்று,
இடப்பக்கமாக.
நான் இடக்கைக்காரி.

புதூர் ஐ.டி.ஐ. முடித்த முதல் வருசம்.
கான்ட்ராக்டர் அருள்தாஸ்
பைக்கை ஆஃப் பண்ணாமலே சொல்வார்:
"தொறந்து பாத்தா பச்சை தெரியணும். அவ்ளோதான்."
தெரிகிற மாதிரி வைத்தேன்.
இருநூற்றைம்பது ரூபாய், ரெண்டு டீ.
இந்த வாசற்படி மட்டும்
எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

"எவன்க்கா இப்படிப் பண்ணது?"
வாயில் டெஸ்டரைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
பேச முடியாது பாருங்கள்.

மறுநாள் துவைக்கிற கல்லோரம் குழி.
மூன்றடிக்குச் செங்கல் சில்லு, சுண்ணாம்பு,
அதற்குக் கீழே வெறும் புழுதி.
வைகையில் தண்ணீர் விட்டு எத்தனை மாதம் என்று
கடப்பாரைக்குத் தெரிந்தது.
நடுவில் குழாயை நிறுத்திக்
கரி ஒரு அடுக்கு, கல்லுப்பு ஒரு அடுக்கு.
காய்ந்த மண் கரண்டை வாங்காது,
குடம் குடமாக ஊற்ற வேண்டும்.
"லாரிக்குக் காத்துக் கெடக்கோம்,
இவ மண்ணுக்கு ஊத்துறா" என்றார் கீழ்வீட்டுக்காரர்.
நியாயம்தான்.
இன்னும் ரெண்டு குடம் ஊற்றினேன்.

உதிர்ந்த வயரெல்லாம் மாற்றி,
சுவரோரமாகப் புதுப் பச்சை இறக்கி,
மூடி மூடியாக முடுக்கி,
ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே
நூறு வாட் பல்பைப் பிடித்தேன்.
கண் கூசியது.

நிலோபர் கையை நனைத்துக்கொண்டு வந்து
பித்தளையைத் தொட்டாள்.
தொட்டபடியே கொஞ்ச நேரம் நின்றாள்.
"ஒண்ணுமில்லக்கா" என்றாள்,
ஏதோ குறைகிற மாதிரி.

பில்லில் பச்சை வயருக்குக் காசு போடவில்லை.
"மீதி கெடந்தது" என்றேன்.
பழைய நாலு விரல் துண்டு என் பையில்.

பஸ் ஸ்டாப்பில் பில் புக்கின் பின்னட்டையில்
எழுத ஆரம்பித்தேன்.
அந்த வருசம் அருள்தாஸோடு பதினோரு வீடு.
முனிச்சாலையில் ரெண்டு.
சிம்மக்கல், லாட்ஜுக்குப் பின்னால் ஒன்று.
ஆரப்பாளையத்தில்
ஏணியைப் பிடித்துக்கொண்ட
பிள்ளைத்தாச்சிப் பெண்ணின் வீடு.
அந்தப் பிள்ளைக்கு இப்போது
சுவிட்ச் எட்டும்.